சர்தார் லீலாவதியின் கேள்விக்குறிகள்

லீலாவதி எனக்கு ஆயிரத்து இருநூறு டாலர் கடன்பட்டிருந்தாள். இரண்டு சீசன் லாரி வாடகை, அவள் புருஷன் செத்த வருஷம் நான் ஜாமீன் நின்று வாங்கிக்கொடுத்த உரம், இரண்டும் சேர்ந்த கணக்கு. அவள் மறைத்ததும் இல்லை, நான் மறந்ததும் இல்லை. பிஜித் தீவில் எங்கள் ட்ராசா ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கடன்.

கோயில் மலருக்கு நம் ஊர் ஆள் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். முதலில் என்னைப் பற்றியே எழுதலாம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். பதினாலு வயதில் கரும்பு ஏற்றப் போனேன். முப்பதில் சொந்த லாரி. எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கலகத்தில் பாதி ஊர் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டியபோது, போகிறவர்கள் விற்றதில் இரண்டாவது லாரியை வாங்கினேன். இரண்டாயிரமாம் வருஷக் கலகத்தில் மூன்றாவது. ஏழுமலை என்றால் லவுட்டோக்கா டவுன் டயர்க் கடையில் நாற்காலி போடுவார்கள். ஆனால் இதெல்லாம் ஊருக்கு மனப்பாடம். பத்துத் தரம் கேட்டவர்கள் பதினோராம் தரம் படிக்கவா போகிறார்கள்? அதனால் லீலாவதியைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் பக்கத்துத் தீவு லம்பாசாப் பெண். கல்யாணமாகிக் கப்பலேறி இங்கே வந்தவள். மெலிந்த உடம்பு, வேகமான நடை, அதைவிட வேகமான வாய். மலைச்சரிவில் பத்து ஏக்கர் குத்தகை நிலம். முழுக்கச் சரளைக் கல். அதில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கரும்பு போட்டு ஒரே மகள் சஞ்சனாவை டீச்சருக்குப் படிக்க வைத்தார்கள். புருஷன் போனான். இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் மறுபடி ராணுவம் வந்து உட்கார்ந்தது. இரண்டே மாதத்தில் சஞ்சனா நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குப் போய்விட்டாள். அம்மாவும் வரவேண்டும் என்று பேப்பர் எல்லாம் போட்டாள்.

லீலாவதியின் குத்தகை இரண்டாயிரத்து ஏழு டிசம்பரோடு முடிகிறது. நிலத்துக்குச் சொந்தமான பிஜியக் குலத்துப் பெரியவரிடம் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மரியாதையாகத்தான் பேசினார். அவர் பிள்ளைகளும் பயிர் வைக்க ஆசைப்படுகிறார்கள், இனி நீட்ட முடியாது என்றார். வருஷம் முடியும்போது நிற்கிற கரும்பு நிலத்தோடு போய்விடும். ஆக, டிசம்பருக்குள் அவள் கரும்பு மில்லுக்குள் போனால் பணம். போகாவிட்டால் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது லாரியில் சொன்னாள்.

"மாமா, உங்க காசைக் கட்டாம நான் பிளேன் ஏறமாட்டேன்."

"பேச்சுக்குச் சொல்றியா?"

"பேச்சுக்குச் சொல்ல நான் என்ன கவுன்சிலரா?"

நான் நம்பினேன். என் காசுக்காகவும் நம்பவேண்டியிருந்தது.

இப்போது எங்கள் கரும்பு வெட்டும் கேங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்துச் சொச்சம் வீட்டுக்காரர்கள் சேர்ந்தது ஒரு கேங். இன்றைக்கு யார் வயலை வெட்டுவது, நாளைக்கு யாருடையது என்று முடிவு செய்கிறவன் சர்தார். சர்தார் இல்லாத கேங்குக்கு மில்லில் கோட்டா கிடையாது. எங்கள் சர்தார் ராஜேந்திரா. பத்தொன்பது வருஷம் அவன்தான். எல்லாம் தலைக்குள். ஒரு காகிதம் வைத்துக்கொண்டது கிடையாது. அந்த மார்ச்சில் அவனுக்குக் கனடா பேப்பர் வந்துவிட்டது. வேர் இடித்த பொடியில் க்ரோக் கரைத்துக் குடித்து, மாலை போட்டு, நாந்தி ஏர்போர்ட் வரைக்கும் என் வேனில்தான் கொண்டுபோய் விட்டேன். போனவர்கள் கட்டிலை விற்றார்கள், டிவியை விற்றார்கள். ராஜேந்திரா தன் தலையை மட்டும் விற்காமல் கொண்டுபோய்விட்டான். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அன்றைக்கு எவனுக்கும் உறைக்கவில்லை.

மே மாதக் கூட்டம் ஹ்யூபர்ட்டின் ஷெட்டில் நடந்தது. ஹ்யூபர்ட் கத்தோலிக்க வீட்டுப் பையனாக இருந்து இப்போது நாற்பத்தைந்து வயதாகிவிட்ட ஆள். ஓடையோரத்தில் பள்ள நிலம். கத்தி பிடித்தால் இரண்டு ஆள் வேலை, வாய் திறந்தால் நாலு ஆள் சண்டை. க்ரோக் சட்டி நடுவில். சர்தார் யார் என்றதும் எல்லோரும் சட்டிக்குள் பார்த்தார்கள். சர்தாருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கொஞ்சம் காசு உண்டு. அந்தக் காசுக்கு மேல் திட்டு உண்டு. அதோடு எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்று: சர்தாரின் சொந்த வயல் கடைசியில்தான் வெட்டப்படும்.

லீலாவதி கையைத் தூக்கினாள்.

"சர்தாரம்மா!" என்று ஹ்யூபர்ட் கைதட்டினான். "இனிமே வீட்லயும் பொம்பளை சொல்றதைக் கேக்கணும், வயல்லயும் கேக்கணும். யேசுவே, என்னைக் காப்பாத்து."

"வீட்ல கேட்டிருந்தா உன் கொல்லைக் கூரை ஒழுகாது ஹ்யூபர்ட்," என்றாள் அவள்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "புத்தி கெட்டுப்போச்சா லீலா? உன் வயல் கடைசியில போயிடும். டிசம்பர் வந்துடும்."

"சர்தாரே இல்லன்னா எவன் வயலும் வெட்ட முடியாது மாமா. அப்போ முதல் என்ன, கடைசி என்ன?"

நான் லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.

மகள் விட்டுப்போன லேப்டாப் ஒன்று அவள் வீட்டில் இருந்தது. அதில் ஒரு புரோகிராம். நினைப்பதையெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்து, எது எதோடு எப்படிச் சேருகிறது என்று பார்ப்பதற்கு. கருத்து வரைபடம் என்கிறார்கள். சஞ்சனா காலேஜில் பாடம் படித்ததும் பாடம் நடத்தத் திட்டம் போட்டதும் அதில்தான். 'ராஜேந்திரா அங்கிள் தலையில் இருந்ததை இதில் கொண்டுவந்து போடு' என்று போனில் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் வரும். அவள் பேசுவதெல்லாம் நம் பிஜி இந்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் மத்தியானம் நான் போனபோது லீலாவதி மேஜைமுன் உட்கார்ந்து, பேன் பார்ப்பவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் திரையில் மவுஸால் இரண்டு தட்டு தட்டினால் ஒரு கட்டம் வருகிறது. கட்டத்துக்குள் நாலு கேள்விக்குறி. அதை அழித்துவிட்டு ஆள் பேரை எழுதவேண்டும். கட்டத்தின் தலையிலிருந்து அம்பை இழுத்து இன்னொரு கட்டத்தில் விட்டால் நடுக்கோட்டில் இன்னும் நாலு கேள்விக்குறி முளைக்கிறது.

"பாருங்க மாமா. கோட்டுக்கும் பேர் கேக்குது இந்தச் சனியன்."

"பேர் வைக்காம விட்டுடு."

"விட்டா கேள்விக்குறி அப்படியே முறைச்சிக்கிட்டு நிக்குது. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி."

ஒரு கட்டத்தை நகர்த்தினால் கோடெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. ஒன்றை அழித்தால் அதோடு சேர்ந்த மூன்று கோடு காணாமல் போகிறது. அரை நாள் வேலையை அவள் ஒரு தட்டில் தொலைத்ததை என் கண்ணால் பார்த்தேன். லேப்டாப்பை மூடி, அதன்மேல் தட்டு நிறைய மரவள்ளிக்கிழங்கை வைத்து உரித்துக்கொண்டே அழுதாள். அழுகையா கோபமா தெரியவில்லை. லாரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த எனக்கே அந்தத் திரையைப் பார்த்தால் கை அரித்தது, ஒரு சுத்தியல் கிடைக்காதா என்று.

ஞாயிற்றுக்கிழமை சஞ்சனா போன் செய்தாள். "அம்மா, கட்டம் போடறதுக்கு முன்னாடி மேலே ஒரு கேள்வி எழுதணும். எந்தக் கேள்விக்காக இந்தப் படம்னு. எழுதினியா?"

"எனக்குக் கேள்வி எதுக்கு? பதில்தான் வேணும்."

"கேள்வி இல்லாம போட்டா எல்லாத்தையும் எல்லாத்தோடயும் சேர்த்து வச்சிடுவே அம்மா."

"நீ எனக்குப் பொறந்தியா, நான் உனக்குப் பொறந்தேனா?"

அதுதான் தப்பாகப் போயிற்று. கேள்வி எழுதாமலே, அடுத்த கூட்டத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தாள். கோடு இழுத்துவிட்டு, "இந்த வயலுக்கும் அந்த வயலுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க" என்று எல்லோரையும் கேட்டாள்.

எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் என்ன சொல்வார்கள்?

"அது என் சம்பந்தி வீடு."

"அவன் என் மாமன் மகன்."

"எங்க தாத்தாவும் அவங்க தாத்தாவும் மதராஸிலேருந்து ஒரே கப்பல்ல வந்தாங்க. ஜஹாஜி."

ஒரே கப்பலில் வந்தவர்கள் எங்களுக்கு ரத்தபந்தத்துக்கு மேல். ஒரு கோடும் காலியாக இல்லை. சம்பந்தி, மச்சான், ஜஹாஜி, மாமன் மகன். க்ரோக் சட்டி இரண்டு தரம் நிறைந்தது, திரையும் நிறைந்தது. எல்லோருக்கும் பரம சந்தோஷம். ராஜேந்திராவும் அப்படித்தானே சொல்வான், 'இன்னிக்கு இவர் வயல், நாளைக்கு இவர் சம்பந்தி வயல்' என்று? ஹ்யூபர்ட்டுக்கு மட்டும் கோடு அகப்படவில்லை. அவன் தாத்தா வந்த கப்பலில் வந்தவர்கள் எல்லாம் ரரவாய் பக்கம் போய்விட்டவர்கள். அவன் கட்டம் திரையின் ஓரத்தில் தனியாகத் தொங்கியது.

"என்னைப் பாரு," என்றான். "கல்யாண வீட்ல பந்திக்குக் கூப்பிடாதவன் மாதிரி நிக்கிறேன்."

அந்தப் படத்தின்படி ஜூனில் வெட்டு ஆரம்பித்தது. சம்பந்தி வயலிலிருந்து சம்பந்தி வயலுக்கு என்றால், மேட்டிலிருந்து ஓடை தாண்டி அக்கரை, அங்கிருந்து திரும்ப மேடு. டீசல் என் பையிலிருந்து. ஜூலையில் இரண்டு நாள் மழை. அன்றைக்கு முறை ஒரு பள்ள வயலுக்கு. என் பெரிய லாரி அச்சுவரைக்கும் சேற்றில் புதைந்து நின்றது. வெட்டுக்காகச் சோகை கொளுத்திய கரும்பு வயலில் காய்ந்தது, அந்த வாரக் கோட்டா போனது. டிராக்டர் வைத்து இழுக்கும்போது நான் கத்திய கத்தல் லவுட்டோக்கா வரைக்கும் கேட்டிருக்கும்.

"கட்டம் போடறாளாம் கட்டம்! என் லாரிக்கு இப்போ குழி போட்டுட்டே!"

"நான் மட்டும் போட்டேனா? நீங்களும்தானே உங்க ஜஹாஜியைச் சொன்னீங்க!"

"நான் சொன்னா நீ எழுதிடுவியா?"

மூன்றாம் நாள் அவள் போன் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என் போனிலிருந்து கனடாவுக்கு ராஜேந்திராவைக் கூப்பிட்டோம். அங்கே அவன் ஏதோ குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறான். குரலே குளிரில் விறைத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, சம்பந்தி முறைப்படிதானே வெட்டினீங்க? எங்களுக்கு ஏன் அது ஓடலே?"

ராஜேந்திரா சிரித்தான். "சம்பந்தியா? அது வாய்க்குச் சொல்றது லீலா. உன் வயல் தண்ணி நிக்கிற வயல், முதல்ல வெட்டிடறேன்னு சொன்னா, 'என் நிலத்தைப் பழிக்கிறியா'ன்னு ஒருத்தன் வருவான். 'அவனுக்கு மட்டும் ஏன் முதல்ல'ன்னு இன்னொருத்தன் வருவான். சம்பந்தின்னு சொல்லிட்டா எவனும் வாயைத் திறக்கமாட்டான். இருபது வீட்ல தேடினா ஒரு சம்பந்தம் கிடைக்காமலா போயிடும்?"

"அப்போ எதைப் பாத்து வெட்டினீங்க?"

"மண்ணைப் பாத்து. மழையைப் பாத்து."

நான் போனைப் பிடுங்கி, "இதைப் போகும்போது சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலியே அண்ணே," என்றான்.

லீலாவதி வீட்டுக்குப் போய் அந்தப் படம் முழுவதையும் அழித்தாள். அன்றைக்குத்தான் திரையின் தலையில் ஒரு கேள்வி எழுதினாள். இங்கிலீஷ் எழுத்தில், நம் தமிழில்: மழை பெஞ்சா லாரி எந்த வயல்ல இறங்காது?

அந்தக் கேள்விக்கு ட்ராசாவில் என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது. நான் மாட்டாத பள்ளம் இங்கே இல்லை. அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். இப்போது கோடுகளில் வேறு சொற்கள் வந்தன. 'மழைக்கு அப்புறம் நாலு நாள் காயணும்.' 'இவன் வயல் வழியாத்தான் அவன் வயலுக்கு வழி.' 'ஓடை ஏறினா பாலம் மூழ்கும்.' ஓரத்தில் தொங்கிய ஹ்யூபர்ட் இப்போது நட்டநடுவில். அவன் கட்டத்துக்கு எட்டு கோடு. லீலாவதியின் சரளைச் சரிவுக்கு ஒரே ஒரு கோடு, 'எப்பவும் இறங்கலாம்' என்று.

கேங்கில் காட்டியபோது யாருக்கும் பிடிக்கவில்லை. ஹ்யூபர்ட் வயல் அடுத்தது என்றதும் ஒருவன் எழுந்து, "எவ்வளவு வாங்கினே அவன்கிட்ட?" என்று கேட்டான். இன்னொருவன், தன் கப்பல் எங்கே போயிற்று, ஏன் அழித்தாய் என்று. தாத்தாவை மூழ்கடித்துவிட்டதுபோல் பேசினான். அவள் ஒவ்வொரு கோடாகப் படித்துக் காட்டினாள். கேட்டவர்கள் பாதிப் பேர். ராஜேந்திரா ஏன் பொய் சொன்னான் என்று எனக்கு அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

ஆனாலும் அந்தப் படத்தின்படி வெட்டினோம். ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளமெல்லாம் காலி. லாரி மாட்டவில்லை. அதற்கு ஒருவனாவது அவளுக்கு நன்றி சொன்னானா என்றால், இல்லை. மழை இல்லாததால்தான் மாட்டவில்லை என்றார்கள்.

அக்டோபரில் நான் அவளிடம் சண்டைக்குப் போனேன்.

"லீலா, உன் வயலை முன்னாடி இழு. உன் கட்டத்தை ரெண்டு விரல் மேலே தள்ளு, முடிஞ்சுது. யார் பாக்கப்போறா?"

"எல்லாரும் பாப்பாங்க. சர்தார் வயல் கடைசி. படமும் அதையே சொல்லுது."

"படம் என் கடனைக் கட்டுமா?"

"நான் கட்டுவேன். என் வயலை முன்னாடி தள்ளினா அடுத்த நாளே எவனும் என் பேச்சைக் கேக்கமாட்டான். அப்புறம் மிச்சம் வயல் எல்லாம் நிக்கும். போங்க மாமா, லாரிக்கு எண்ணெய் மாத்துங்க."

என்னைப் போ என்று சொன்ன ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். போனேன்.

டிசம்பர் வந்தது. மழையும் வந்தது. கடைசியில் அவள் வயல் மட்டும். ஆனால் தன் கரும்பு முடிந்தவனுக்குக் கத்தி கனக்கிறது. ஒருவனுக்கு முதுகுவலி, ஒருவனுக்குச் சாவு வீடு, ஒருவனுக்கு விசா இண்டர்வியூ. முதல் நாள் காலை வயலில் நின்றது லீலாவதியும் நானும் என் டிரைவரும்தான். ஓடைப் பக்கம் மழை தாரையாகக் கொட்டுகிறது. ஊரில் வேறு எந்த வயலிலும் அன்றைக்கு லாரி இறங்காது. அவள் சரளையில் இறங்கி நிற்கிறது. வெட்ட ஆள் இல்லை.

ஹ்யூபர்ட் கத்தியோடு வந்தான். பின்னால் அவன் மச்சான்கள் இரண்டு பேர், கேங்கிலேயே இல்லாதவர்கள், ரரவாயிலிருந்து வரவழைத்தவர்கள்.

"என்ன சர்தாரம்மா, பந்திக்கு ஆள் இல்லையா?"

"கூப்பிட்டேன். வரலே."

"எனக்கு இந்த வருஷம் ஒரு கரும்புகூடத் தண்ணியில நிக்கலே," என்றான். "காட்டு, எங்கே ஆரம்பிக்கணும்."

அவன் வெட்டுவதைப் பார்த்து வெட்கப்பட்டோ, க்ரோக்கைத் தனியாகக் குடிக்கப் பிடிக்காமலோ, மறுநாள் இன்னும் ஆறேழு பேர் வந்தார்கள். இந்த வயதில் நானே ஸ்டீயரிங் பிடித்தேன். ட்ராசாச் சரிவில், மழையில், முழு லோடோடு இறக்குவதற்கு என்னைத் தவிர யாருக்குக் கை வரும்? மில் சீசனை மூடுவதற்கு முந்தின நாள் கடைசி லாரி உள்ளே போயிற்று. மேல் மூலையில் கொஞ்சம் கரும்பு நின்றுவிட்டது. இன்னும் இரண்டு ஆள் முதல் நாளே வந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஜனவரியில் மில் பணம் வந்தது. அவளுக்கு டிக்கெட் போட்டாயிற்று. லேப்டாப்பை ஹ்யூபர்ட்டிடம் கொடுத்துவிட்டாள், அடுத்த சர்தார் அவன்தான். அவன் ஷெட்டில் உட்கார்ந்து இரண்டு தட்டு தட்டி, கேள்விக்குறியைப் பார்த்துத் திட்டுவது ரோடுவரைக்கும் கேட்கிறது.

புறப்படுகிற வாரம் லீலாவதி என் லாரிக் கொட்டகைக்கு வந்தாள். ஹ்யூபர்ட்டும் டிரைவர்களும் இருந்தார்கள். நான் முன்னாலேயே ஒரு தீர்மானம் செய்து வைத்திருந்தேன். எல்லார் எதிரிலும், 'ஆயிரம் போதும் லீலா, இருநூறு என் கணக்கில்' என்று சொல்வது. அதற்கு நல்ல சட்டைகூடப் போட்டிருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"கையை நீட்டுங்க மாமா."

"இரு, ஒரு வார்த்தை சொல்லணும். அந்த இருநூறு..."

"வார்த்தை அப்புறம். உங்க பேச்சு ஆரம்பிச்சா என் பஸ் போயிடும். கையை நீட்டுங்க."

ஹ்யூபர்ட் சிரித்தான். நான் கையை நீட்டினேன். ஐம்பது டாலர் தாள்கள். ஈரமாகாமல் இருக்க லேப்டாப்பைச் சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சத்தமாக எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தாள். ஆயிரம் வந்ததும் நான் விரலை மடக்கப் பார்த்தேன். அவள் என் கட்டை விரலைப் பிடித்துத் திரும்ப விரித்துவிட்டு, ஆயிரத்து ஐம்பது, ஆயிரத்து நூறு, ஆயிரத்து நூற்றைம்பது என்று வைத்துக்கொண்டே போய், கடைசித் தாளை நீவி, ஆயிரத்து இருநூறு என்று வைத்தாள்.